பத்து தீகாவில் கேட்ட சத்தம்

நேயர்களே, இரண்டு வாரங்களுக்கு முன் சுபாங் ஜெயாவில் ஓர் உணவகத்தின் மாடியில் மோட்டார் சைக்கிள் பந்தய ரசிகர்களைக் கூட்டி வைத்து ஒரு கலந்துரையாடலைப் பதிவு செய்தோம். ஒளியேறியது 24 நிமிடம்தான். ஆனால் அன்று பேசியதோ மூன்று மணி நேரம். மீதியை என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பல நேயர்கள் அழைத்துவிட்டார்கள். அந்த மீதியையும், அவர்கள் பேச்சில் வந்து விழுந்த வரலாற்றை நான் பிறகு சரிபார்த்துக்கொண்டதையும் சேர்த்து இந்தப் பக்கத்தில் தருகிறேன்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். நான் சுபாங் ஜெயாவில் வளர்ந்தவள். சிறுவயதில் எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சத்தம் கேட்கும். பெரிய தேனீக்கூடு ஒன்று கலைந்து வானத்தில் சுற்றுவது போல இருக்கும். அம்மா ஜன்னலைச் சாத்துவார். அப்பா திறப்பார். "ரேஸ் தொடங்கிடுச்சு" என்பார். டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கும் வசதி எங்களுக்கு இல்லை. அப்பாவின் ஹோண்டா கப்பில் முன்னால் என்னையும் பின்னால் அண்ணனையும் உட்கார வைத்து, சத்தம் நன்றாகக் கேட்கும் இடம் வரை கொண்டுபோய் நிறுத்துவார். வேலிக்கு அப்பால் எதுவும் தெரியாது. கேட்டுவிட்டுத் திரும்புவோம். பந்தயம் 'கேட்ட' குடும்பம் நாங்கள்.

அந்தச் சத்தம் வந்த இடம் பத்து தீகா. மலாயில் அந்தப் பெயருக்கு மூன்றாவது மைல்கல் என்று பொருள். நம்மவர் வழக்கில் சொன்னால் மூன்றாவது கட்டை. இன்று கிளன்மேரி, சுபாங் ஜெயா என்று பளபளக்கும் இந்த வட்டாரம் ஒரு காலத்தில் முழுக்கத் தோட்டங்கள். சீஃபீல்டு தோட்டத்தில் 1976-ஆம் ஆண்டு வாக்கில் வீடமைப்பு தொடங்கித்தான் சுபாங் ஜெயாவே உருவானது. ஆக, பந்தயத் தடத்தின் முதல் அண்டை வீட்டார் பால்மரம் சீவியவர்கள்.

அரங்கில் மூத்தவரான ஓர் ஐயா இருந்தார். பட்டறை வைத்திருப்பவர், 70 வயதைத் தாண்டியவர். "தங்கச்சி, நீங்க சொல்ற ரேஸெல்லாம் நேத்து நடந்தது. நாங்க அதுக்கு முன்னாலயே பாத்துட்டோம்" என்று தொடங்கினார். அவர் சொன்னதன் பின்னணி இதுதான். மலேசியக் கிராண்ட் பிரீ என்ற பெயரில் 1962 முதல் பந்தயம் நடந்த இடம் சிங்கப்பூரின் தாம்சன் ரோடு. பொதுச் சாலையை அடைத்துவிட்டு ஓட்டிய பந்தயம். 1965-இல் சிங்கப்பூர் பிரிந்ததும் பந்தயமும் அவர்களோடு போய்விட்டது. பெயரும் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ என்று மாறியது. நமக்கென்று ஒரு தடம் வேண்டியிருந்தது. 1968-இல் பத்து தீகா தடம் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நாடு பிரிந்ததால் நமக்குப் பந்தயத் தடம் கிடைத்தது என்று ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார்.

அங்கே காரும் ஓடியது, மோட்டாரும் ஓடியது. 1970-களில் சன்னி ராஜா என்ற மலேசிய ஓட்டுநரின் பெயர் இங்கும் இங்கிலாந்திலும் பேசப்பட்டது. பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று ஐயா சொன்னபோது அரங்கில் உண்மையிலேயே இரண்டு பேர் நிமிர்ந்தார்கள்.

ஆனால் 1977-இல் ஒரு பந்தயத்தின்போது கட்டுப்பாட்டை இழந்த வாகனம் பார்வையாளர் பக்கம் பாய்ந்து சிறுவர்கள் உயிரிழந்தனர். தடம் மூடப்பட்டது. பாதுகாப்புக்காகத் திருத்திக் கட்டப்பட்ட பிறகே மீண்டும் திறந்தது. ஷா ஆலாம் பந்தயத் தடம் என்ற பெயர் அதற்குப் பின் நிலைத்தது. சுமார் 3.5 கிலோமீட்டர் நீளம். 1985 டிசம்பரில் உலக விளையாட்டுக் கார் போட்டி இங்கு வந்தது. லெ மான் பந்தயத்தில் ஆறு முறை வென்ற ஜாக்கி இக்ஸ், யோகன் மாஸோடு சேர்ந்து போர்ஷே காரில் வென்றார்.

மோட்டார் சைக்கிள் உலகப் போட்டி வந்தது 1991-இல். செப்டம்பர் 29, ஞாயிறு. அந்தப் பருவத்தின் கடைசிச் சுற்று. 500 சிசி பிரிவில் யமஹாவில் வந்த அமெரிக்கர் ஜான் கோசின்ஸ்கி வென்றார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியர் மிக் டூஹன். 1993 ஏப்ரலில் வேய்ன் ரெய்னி. அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் மிசானோ தடத்தில் விழுந்து ரெய்னியின் முதுகெலும்பு முறிந்தது. நெஞ்சுக்குக் கீழ் உணர்வு போய்விட்டது. ஐந்து மாதத்துக்கு முன் நம் ஊரில் கோப்பையைத் தூக்கிக் காட்டியவர்.

இந்த இடத்தில் சத்தத்தைப் பற்றிப் பட்டறை ஐயா விளக்கியதைச் சொல்லியே ஆக வேண்டும். அன்றைய 500 சிசி வண்டிகள் இரண்டு அடி இயந்திரங்கள், அதாவது டூ ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நான்கு அடி இயந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அதனால்தான் அந்தத் தேனீச் சத்தம். பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும் வாசனை வேறு. வண்டியின் எடை ஏறக்குறைய 130 கிலோ. சக்தியோ ஒரு நல்ல காருக்கு மேல். அந்தச் சக்தி கொஞ்சம் கொஞ்சமாக வராது. ஒரு கட்டத்தில் சட்டென்று திறந்துகொள்ளும். பின்சக்கரம் வழுக்கிப் பிறகு பிடித்துக்கொண்டால் ஓட்டுநரைக் கவண் கல்லாக எறிந்துவிடும். "நம்ம ஊர் ஆர்எக்ஸ்ஸட் வண்டியும் அதே ஜாதிதான். அதனாலதான் பசங்களுக்கு அது மேல அப்படி ஒரு பைத்தியம்" என்றார். குடும்பத்துக்கு இஎக்ஸ்5, கோவிலுக்கும் சந்தைக்கும் அது போதும். மனசுக்கு ஆர்எக்ஸ்ஸட். அரங்கில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் தலையாட்டிய ஒரே இடம் அதுதான்.

2002-இல் 990 சிசி நான்கு அடி இயந்திரங்கள் வந்து மோட்டோ ஜிபி என்ற பெயரும் வந்தது. 2007-இல் 800 ஆகி, 2012-இல் 1000 ஆனது. 2027 முதல் 850 என்று அறிவித்திருக்கிறார்கள். இன்றைய சத்தம் இடி மாதிரி. எனக்குத் தேனீதான் பிடிக்கும்.

இனி, அன்று மாடியில் அதிக நேரத்தைத் தின்ற மனிதருக்கு வருகிறேன். 46-ஆம் எண். வாலண்டினோ ரோசி.

ரோசியின் முதல் உலகப் பந்தயம் எங்கே நடந்தது தெரியுமா என்று நான் கேட்டபோது, இத்தாலி என்றார்கள், ஸ்பெயின் என்றார்கள். ஷா ஆலாம். 1996 மார்ச் 31. 17 வயதுப் பையனாக 125 சிசி பிரிவில் அப்ரிலியா ஓட்டி ஆறாவதாக வந்தார். மறு ஆண்டு ஏப்ரல் 13, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஞாயிறு, அதே தடத்தில் வென்றார். அந்த ஆண்டின் 125 சிசி உலகப் பட்டமும் அவருக்கே. நான் சாத்திய ஜன்னலுக்கும் திறந்த ஜன்னலுக்கும் நடுவில் கேட்ட சத்தத்தில் அவருடைய வண்டியும் இருந்திருக்கிறது! இதைக் கண்டுபிடித்த அன்று அப்பாவை எழுப்பிச் சொன்னேன். "அப்பவே அந்தப் பையன் சத்தம் தனியாத்தான் இருந்துச்சு" என்றார். அப்பாவை யார் மறுப்பது?

அந்த 1997 பந்தயமே ஷா ஆலாமில் கடைசி. 1998-இல் ஜோகூர், பாசிர் கூடாங் தடத்துக்குப் போட்டி போனது. 1999-இல் சிப்பாங். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, ஹெர்மன் டில்கே என்ற ஜெர்மானியர் வடிவமைத்த 5.543 கிலோமீட்டர் தடம். மார்ச் மாதம் அன்றைய பிரதமர் மகாதீர் திறந்து வைத்தார். ஏப்ரல் 18-இல் மோட்டார் சைக்கிள் போட்டி. சுசுகியில் கென்னி ராபர்ட்ஸ் ஜூனியர் வென்றார். ஃபார்முலா 1 வந்தது அதற்குப் பிறகு, அக்டோபரில். அதுவோ 2017-இல் செலவு கட்டவில்லை என்று கிளம்பிவிட்டது. மோட்டார் இன்னும் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. கார் பந்தயம் பார்க்கப் போனவர்கள் வேறு. மோட்டார் பார்க்கப் போகிறவர்கள் மோட்டாரிலேயே போகிறவர்கள் என்று கிள்ளானிலிருந்து வந்திருந்த ஒரு லாரி ஓட்டுநர் சொன்னார். அதைவிட நல்ல பொருளாதார விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பழைய ஷா ஆலாம் தடம் 2003-இல் இடிக்கப்பட்டது. அந்த நிலத்தில் இன்று வீடுகள்.

2003, 2005, 2009 என மூன்று உலகப் பட்டங்களை ரோசி உறுதி செய்துகொண்டது சிப்பாங்கில்தான். அதே சிப்பாங்கில்தான் அவருக்கு இரண்டு கறுப்பு ஞாயிறுகளும் வந்தன.

முதலாவது 2011 அக்டோபர் 23. தீபாவளி புதன்கிழமை. நான் அப்போது பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவோடு பிரிக்ஃபீல்ட்ஸில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கடையின் தொலைக்காட்சி முன் கூட்டம். இரண்டாவது சுற்று, 11-ஆவது வளைவு. 24 வயது மார்கோ சிமோன்செல்லியின் ஹோண்டா வழுக்கியது. வெளிப்பக்கம் போக வேண்டிய வண்டி, சக்கரம் பிடித்துக்கொண்டதால் தடத்தின் உள்பக்கமாகக் குறுக்கே வந்தது. பின்னால் வந்த காலின் எட்வர்ட்ஸும் ரோசியும் தவிர்க்க முடியவில்லை. தலைக்கவசம் கழன்று உருண்டது. ரோசியின் நெருங்கிய நண்பர் சிமோன்செல்லி. மூன்று ஆண்டுகளுக்கு முன், 2008-இல், 250 சிசி உலகப் பட்டத்தை இதே சிப்பாங்கில்தான் சிமோன்செல்லி உறுதி செய்திருந்தார். பந்தயம் நிறுத்தப்பட்டது, பிறகு ரத்து செய்யப்பட்டது.

இரண்டாவது 2015 அக்டோபர் 25. இதைப் பற்றிப் பேச்சு எழுந்ததும் மாடி இரண்டாகப் பிளந்தது. பட்டத்துக்கான போட்டியில் ரோசி, ஜோர்ஜ் லொரேன்சோவைவிட முன்னால் இருந்தார். வியாழக்கிழமை செய்தியாளர் சந்திப்பிலேயே, மார்க் மார்க்கேஸ் லொரேன்சோவுக்கு உதவுகிறார் என்று ரோசி குற்றம் சாட்டினார். ஞாயிறன்று மூன்றாம் இடத்துக்கு ரோசியும் மார்க்கேஸும் சுற்றுக்குச் சுற்று முட்டிக்கொண்டார்கள். ஏழாவது சுற்று, 14-ஆவது வளைவு. ரோசி வேகத்தைக் குறைத்து மார்க்கேஸை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். இருவரும் உரசினார்கள், மார்க்கேஸ் விழுந்தார். உதைத்தாரா, கால் தட்டுப்பட்டதா? லாரி ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்தபடி ரோசியின் காலை நடித்துக் காட்டினார். எதிரில் இருந்த வங்கி ஊழியர் எழுந்து நின்று மார்க்கேஸின் முழங்கையை நடித்துக் காட்டினார். எங்கள் ஒளிப்பதிவாளருக்கு அன்றைய தினத்தின் மிகச் சிறந்த காட்சி அதுதான்.

டானி பெட்ரோசா வென்றார், லொரேன்சோ இரண்டாவது, ரோசி மூன்றாவது. மூன்று தண்டனைப் புள்ளிகளால் ரோசி கடைசிப் பந்தயமான வலென்சியாவில் கடைசி இடத்திலிருந்து புறப்பட நேர்ந்தது. நான்காவது இடம் வரை வந்தார். 5 புள்ளிகளில் பட்டம் லொரேன்சோவுக்குப் போனது. என் கருத்தைக் கேட்டால், ரோசி அன்று பொறுமை இழந்தார், தண்டனை சரிதான். இதை அரங்கில் சொன்னேன். லாரி ஓட்டுநர், "தங்கச்சி, நீங்க நிகழ்ச்சிய மட்டும் நடத்துங்க" என்றார்.

நம் நாட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் பேசினோம். 2012 அக்டோபரில் சுல்ஃபாமி கைருடின் சிப்பாங்கில் மோட்டோ 3 பிரிவில் முதலிடத்திலிருந்து புறப்பட்டு, கடைசி வளைவில் சாண்ட்ரோ கோர்டேசியிடம் தோற்று இரண்டாவது வந்தார். அதே நாள் கொட்டும் மழையில் ஹஃபிஸ் ஷாரின் மோட்டோ 2-இல் நான்காவது. 2016 ஏப்ரலில் கைருல் இடாம் பாவி அர்ஜெண்டினாவில் வென்றபோது உலகப் பந்தயம் ஒன்றில் முதல் முறையாக நெகாராகூ ஒலித்தது. 2018-இல் ஹஃபிஸ் உயர்நிலைப் பிரிவான மோட்டோ ஜிபியில் ஓட்டிய முதல் மலேசியர் ஆனார். இவர்கள் பெரும்பாலும் 1994-இல் தொடங்கிய கப் பிரீ என்ற உள்நாட்டுக் கப்சாய் பந்தய வழியில் வளர்ந்தவர்கள். "நம்ம பசங்க எங்க இருக்காங்க?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். 2005-இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் சிப்பாங்கில் ஃபார்முலா 1 கார் ஓட்டி 11-ஆவதாக வந்த நாளை ஒருவர் நினைவுபடுத்தினார். சென்னைக்கு அருகே சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்ததையும், 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்ததையும் இன்னொருவர் சொன்னார். மாணவருக்கு அது பதிலாகப் படவில்லை. வண்டி, டயர், பயிற்சி, பயணம் எல்லாம் பணம். புரவலர் இல்லாமல் முடியாது என்று பட்டறை ஐயா சொன்னார். பணம் இல்லாத பையன் எங்கே ஓட்டுகிறான் என்பதற்குத்தான் அடுத்துப் பேச்சு போனது.

கூட்டரசு நெடுஞ்சாலை. அதன் ஓரத்தில் 1970-களில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித்தடம் போட்டார்கள். சாலைப் பொறியியலாளர்கள் முன்னோடி என்று குறிப்பிடும் தடம். பகலில் தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு அது உயிர் காக்கும் வழி. நள்ளிரவில் சில பையன்களுக்குப் பந்தயத் தடம். மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள்.

2011-இல் பந்தயத்தை ரத்து செய்தது சரியா என்று அப்போது வாதம் ஓடிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வந்தவர்களுக்கு ஏமாற்றம் என்றார் ஒருவர். சிமோன்செல்லியே ஓடச் சொல்லியிருப்பார் என்றார் இன்னொருவர். பின்வரிசையில் ஓர் அம்மா கையை உயர்த்தினார். கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூத்த மகனை 19 வயதில் அந்த நெடுஞ்சாலையில் இழந்தவர். ரசிகரோடு துணைக்கு வந்தவர், பேசுவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அவர் சம்மதத்தோடு, பெயரில்லாமல், சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நீங்க சொல்ற அந்தப் பையன் விழுந்ததும் எல்லாரும் வண்டிய நிறுத்துனாங்க. ரேஸையே வேணாம்னுட்டாங்க. எம்மவன் விழுந்தப்ப கூட ஓட்டுனவங்க யாரும் நிக்கல. போலீஸ் வரும்னு போயிட்டாங்க. விடியற வரைக்கும் யாருன்னே தெரியாம கெடந்தான்."

சற்று நேரம் கரண்டிச் சத்தம்கூட இல்லை. பிறகு வங்கி ஊழியர், "ரத்து செஞ்சது சரிதாங்கம்மா" என்றார். பட்டறை ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நான்கு நிமிடம் ஒளியேறவில்லை. நிகழ்ச்சி விளையாட்டு நிகழ்ச்சி, தொனி மாறிவிடும் என்று பேசி முடிவு செய்தோம். முடிவு செய்தவர்களில் நானும் ஒருத்தி. இன்று கேட்டால் 2015 சண்டையை வெட்டிவிட்டு இதை வைத்திருப்பேன்.

ரோசியின் கதையை முடித்துவிடுகிறேன். 2019-இல் மலேசியாவுக்கென்று மோட்டோ ஜிபியில் ஓர் அணி பிறந்தது, பெட்ரோனாஸ் பெயரில். 2020-இல் அந்த அணியின் ஃபாபியோ குவார்த்தராரோவும் ஃபிராங்கோ மொர்பிடெல்லியும் ஆளுக்கு மூன்று பந்தயங்கள் வென்றார்கள். 2021-இல் ரோசி அந்த மலேசிய அணிக்கே வந்து சேர்ந்தார். அதுதான் அவருடைய கடைசிப் பருவம். ஷா ஆலாமில் தொடங்கியவர், மலேசிய அணியின் சட்டையோடு சிப்பாங்கில் கையசைத்துவிட்டுப் போவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். கொரோனா காரணமாக 2020, 2021 இரண்டு ஆண்டும் சிப்பாங் பந்தயம் நடக்கவில்லை. அவர் நம் மண்ணில் கடைசியாக ஓட்டியது 2019-இல். நான்காவதாக வந்தார், விடை சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 2021 நவம்பர் 14-இல் வலென்சியாவில் ஓய்வு பெற்றார். அணியும் அத்தோடு மூடப்பட்டது.

பந்தயம் திரும்பி வந்தது 2022 அக்டோபர் 23. மறுநாள் தீபாவளி! பிரான்செஸ்கோ பாஞ்ஞையா வென்ற அந்த மதியம், எத்தனை வீடுகளில் முறுக்குச் சட்டி அடுப்பில் தனியாகக் காய்ந்தது என்று அரங்கில் இருந்த பெண்கள் கணக்குச் சொன்னார்கள். அது ஒளியேறியது, பார்த்திருப்பீர்கள்.

பதிவு முடிந்து விளக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா பட்டறை ஐயாவிடம் தனியாகப் பேசுவதைக் கேட்டேன். மகனின் ஆர்எக்ஸ்ஸட் இன்னும் வீட்டுப் பின்கட்டில் சாக்கு போர்த்திக் கிடக்கிறதாம். இப்போது அந்த வண்டிக்கு நல்ல விலை என்று கேள்விப்பட்டாராம். ஆனால் சின்னவன் அது தனக்கு வேண்டும் என்கிறானாம். விற்கவா, கொடுக்கவா என்று கேட்டார். ஐயா உடனே பதில் சொல்லவில்லை. "ரெண்டும் இப்ப வேணாம்மா. வண்டியக் கொண்டாங்க. சின்னவனையும் கூட்டிட்டு வாங்க. பிரேக், ஃபோர்க் எல்லாம் எப்படி இருக்குன்னு அவன் முன்னாலயே கழட்டிப் பாக்கிறேன். அப்புறம் பேசலாம்" என்றார்.

நேற்று பட்டறைக்கு அழைத்துக் கேட்டேன். இன்னும் வரவில்லை என்றார்.